ஸ்நாப்டிராகன் கண்ட எர்வின் பௌர்

மரபியல் வகுப்பில் கொல்லி ஜீன் பாடம் வரும்போது மஞ்சள் எலிக்கு அடுத்தபடியாக ஸ்நாப்டிராகன் செடி வரும். பொன்னிற இலைச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் நான்கில் ஒரு பங்கு நாற்றுகள் பச்சையம் இன்றி மடிந்துபோகும். எஞ்சியவை பொன்னிறமும் பச்சையுமாக 2:1 விகிதத்தில் நிற்கும். இதை 1907-இல் கண்டவர் எர்வின் பௌர் என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் உண்டு. நானும் அவ்வளவில் நின்றிருப்பேன். சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் அவரைப் பற்றிப் பேச என் முறை வந்ததால் நூலகத்தில் தேட நேர்ந்தது.

பௌர் 1875-இல் ஜெர்மனியின் பாடன் பகுதியிலுள்ள இக்கன்ஹைம் என்னும் ஊரில், மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் படித்து, மருத்துவராகப் பணியும் செய்துவிட்டுத்தான் தாவரவியலுக்கு வந்தார். பசுங்கணிகத்தின் வழியாகவும் சில பண்புகள் வழிவழியாகச் செல்லும் என்று 1909-இல் பெலர்கோனியம் செடியில் காட்டியவரும் அவரே. 1928-இல் மியுன்கபெர்க் என்னும் ஊரில் பயிர்ப்பெருக்க ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார்.

ஆனால் அவர் மனம் தோய்ந்தது ஸ்நாப்டிராகனில்தான். நம் மலைவாசத்தலப் பூங்காக்களில் பாத்திகட்டி வளர்க்கும் அந்தச் செடிக்கு ஸ்பெயினிலும் அதன் அக்கம்பக்க நாடுகளிலும் காட்டு உறவுகள் பல உண்டு. ஆன்டிரைனம் மேஜஸ் நிமிர்ந்து வளர்ந்து பெரிய பூக்களைப் பூக்கும். ஆன்டிரைனம் மோலே பாறை இடுக்கில் படர்ந்து, மென்மயிர் போர்த்திய சிறு இலையும் வெளிறிய சிறு பூவுமாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய யாரும் திணறமாட்டார்கள். தொல்லை இடைப்பட்டவற்றில்தான். இலையின் அகலம், தண்டின் மயிர், பூவின் நிறம் எல்லாம் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். உலர்த்திய மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு சிற்றினத்தின் பெயர் சொல்வது எத்தனை கடினம் என்பதை, செய்முறைத் தேர்வில் விழித்தவர்கள் அறிவார்கள்!

பௌர் உலர் மாதிரிகளோடு நிற்கவில்லை. காட்டுச் செடிகளை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தார். ஒரே மண்ணில், ஒரே வெயிலில் வளர்ந்தும் மாறாமல் நிற்கும் வேறுபாடே மரபுவழி வந்தது. பிறகு அவற்றை ஒன்றோடொன்று கலந்தார். மேஜஸும் மோலேயும் கலந்து பிறந்த செடிகள் மலடாகவில்லை. அவற்றின் அடுத்த தலைமுறையிலோ, பூவின் அளவும் வடிவமும் நிறமும் செடிக்குச் செடி மாறின. சிற்றினங்களைப் பிரிப்பது ஒரு பெரிய மதில் அன்று. சிறுசிறு திடீர் மாற்றங்கள் பல சேர்ந்தே அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். இப்பேரினத்தில் சிற்றினங்களை வரையறுப்பது பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1932-இல் வெளிவந்தது.

பிற்கால ஆய்வுகளும் இதற்கு அரணாக உள்ளன. இச்சிற்றினங்கள் அனைத்திற்கும் குரோமோசோம் எண்ணிக்கை 16. பிரனீஸ் மலையில் செந்நிறப் பூ வகையும் மஞ்சள் பூ வகையும் சந்திக்கும் குறுகிய பகுதியில் பல நிறக் கலப்புச் செடிகள் வளர்கின்றன. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் செந்நிறம், மறுபக்கம் மஞ்சள்.

கருத்தரங்கிற்கு முதல் நாள் மாலைதான் மற்றொன்றைப் படித்தேன். 1921-இல் ஓய்கன் ஃபிஷர், ஃபிரிட்ஸ் லென்ஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து மனித மரபு பற்றிப் பௌர் ஒரு நூல் வெளியிட்டார். பொது மரபியல் பகுதி மட்டுமே அவருடையது. அதில் ஸ்நாப்டிராகன் கலப்புகளையே உதாரணம் காட்டியிருக்கிறார். அதை அடுத்து மனித இனங்களைத் தரம் பிரிக்கும் பகுதிகள் வருகின்றன. நாஜிகள் அந்நூலைத் தங்கள் கொள்கைக்கு ஆதாரமாகக் கொண்டார்கள். 1933 ஜூலையில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தபோது பௌர் அதை ஆதரித்தார். அச்சட்டத்தால் ஏறத்தாழ 4 லட்சம் பேர் கருத்தடைக்கு ஆளாயினர். அதைக் காண அவர் இருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலமானார். செடிகளில் கோடு போடத் தயங்கிய கை, மனிதரிடையே கோடு போட்ட நூலில் ஏன் பெயர் சேர்த்தது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் நான் செடிகளைப் பற்றி மட்டும் பேசினேன். நேரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, பௌர் பின்னாளில் என்ன செய்தார் என்று கேட்டார். 1933-இல் இறந்துவிட்டார் என்று கூறி உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். அந்தத் தம்பிக்கு அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே இந்த ஆண்டு மலரில் எழுதியிருக்கிறேன்.