கள்ளி வளர்த்த டாக்டர்

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில் சப்பாத்திக்கள்ளி பூத்து நிற்கும். காலையில் மஞ்சள் பூ விரியும். மாலையில் வாடிவிடும். பிறகு கருஞ்சிவப்புப் பழம் வரும். பிள்ளைகள் அதைத் தரையில் தேய்த்து, முள்ளைப் போக்கித் தின்பார்கள். வாயெல்லாம் சிவந்துவிடும்.

இந்தக் கள்ளி நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்தது. பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். அதனால் தண்ணீர் வீணாவதில்லை. இதன் இனத்தில் சில, கனடா நாட்டில் பனியில் புதைந்து கிடந்தும் சாகாமல் மறுபடி பூக்கின்றன!

இப்படிப்பட்ட கள்ளிக்கென்றே சென்னையில் ஒரு தோட்டம் போட்டார் ஒருவர். அவர்தான் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

1738-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கும்பெனியின் வைத்தியராகச் சென்னைக்கு வந்து, தலைமை வைத்தியராக உயர்ந்தார். ஆனால் மருந்தைவிடச் செடி கொடிகளிலேதான் அவருக்கு ஆசை அதிகம். முசுக்கட்டைச் செடி பயிரிட்டுப் பட்டுப்பூச்சியும் வளர்த்துப் பார்த்தார்.

அக்காலத்தில் உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது. கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியைக் காயவைத்து அதை எடுத்தார்கள். ஒரு ராத்தலுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். அந்த வியாபாரம் முழுவதும் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் செஞ்சட்டைக்கோ அந்தச் சாயம்தான் தேவை. பணம் கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள்.

1786-ல் சென்னையில் ஒரு புல்லின் மேல் சிவப்புப் பூச்சியைக் கண்டார் ஆண்டர்சன். ஆனந்தம் தாங்கவில்லை. லண்டனில் இருந்த தாவர அறிஞர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை.

அவர் சளைக்கவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் எழுந்தது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிகள் கப்பலேறி வந்தன. தோட்டத்தை அவருடைய மருமகன் டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி கவனித்தார். கள்ளி தயார். பூச்சிதான் இல்லை!

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அது காட்டு இனம். சாயம் மட்டமாகவே கிடைத்தது.

1799-லும் 1801-லும் கும்பெனிப் பட்டாளம் ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அப்போதும் செஞ்சட்டைக்கு ஏற்ற சாயம் சைதாப்பேட்டையில் கிடைக்கவில்லை.

1809-ல் ஆண்டர்சன் சென்னையிலேயே காலமானார்.

பிற்காலத்தில் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் கண்ட இடமெல்லாம் பரவி, விளைநிலங்களை அடைத்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியின் வேறோர் இனத்தைக் கொண்டுவந்தார்கள். இம்முறை சாயத்துக்காக அல்ல, கள்ளியை ஒழிப்பதற்காக! சில ஆண்டுகளில் பல்லாயிரம் ஏக்கர் கள்ளிக்காடு அழிந்தது. ஆனாலும் அடியோடு போய்விடவில்லை.