மூன்று முறை தட்டப்பட்ட கதவு

பாகாயத்து மருத்துவக் கல்லூரியை அறியாதவர் நம் பங்கில் எவரும் இலர். அங்கே பணி செய்தவர், சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர் என்று நம் குடும்பங்களில் பலர் உண்டு. ஆனால் அக்கல்லூரி, வேண்டாம் என்று ஓடிய ஒரு பெண்ணின் வாழ்வில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்? யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், இறையழைத்தலைப் பற்றிச் சிந்திக்க ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வையே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கும் பின்னர் தமிழகத்திற்கும் வந்த மருத்துவ மறைப்பணியாளர். தந்தையும் மருத்துவரே. குழந்தைப் பருவத்தில் பெரும் பஞ்சத்தைக் கண்ணால் கண்ட ஐடாவுக்கு இந்நாட்டுத் துயரம் அச்சத்தையே தந்தது. குடும்பமே நடந்த பாதையில் தாம் நடப்பதில்லை என்றும், அமெரிக்காவிலேயே வாழ்வதென்றும் உறுதி கொண்டார். 1890-இல் அவர் இந்தியா திரும்பியதும் நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சில காலம் இருந்துவிட்டுப் போகவே.

அப்போது குடும்பம் திண்டிவனத்தில் இருந்தது. ஓர் இரவு பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். பிரசவ வேதனையில் தவிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையே மருத்துவர் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை ஏற்க இயலாமல் அவர் திரும்பிப் போனார். அதே இரவில் இஸ்லாமியர் ஒருவர் வந்தார். பின்னர் மற்றோர் இந்துப் பெரியவர் வந்தார். மூவருக்கும் ஒரே துயரம்; மூவருக்கும் ஐடா தந்தது ஒரே பதில். பொழுது விடிந்தபோது சாவுப்பறை கேட்டது. விசாரித்ததில், அம்மூன்று பெண்களுமே இறந்துவிட்டது தெரிந்தது.

சிறுவன் சாமுவேலையும் ஆண்டவர் இரவில்தான் அழைத்தார். அவனோ அழைத்தவர் ஏலி என்று எண்ணி மும்முறை அவரிடம் ஓடினான். ஐடாவும் தம்மைத் தேடி வந்த அழைப்பைத் தந்தைக்கு உரியதென்று எண்ணினார். அந்தக் காலையில்தான் அது தமக்கு வந்தது என்று உணர்ந்தார். மருத்துவராவேன் என்று பெற்றோரிடம் அறிவித்தார்.

முடிவு செய்ய ஓர் இரவு போதுமாயிருந்தது. பின்பற்றவோ ஓர் ஆயுள் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பயின்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். வழிகாட்ட வேண்டிய தந்தை அவ்வாண்டிலேயே காலமானார். இருந்தும் பின்வாங்காமல், ஒரே கட்டிலுடன் சிகிச்சை தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தாரைத் தேடிச் சாலையோர மரத்தடிகளிலும் வைத்தியம் செய்தார்.

தம் இரு கைகள் போதா என்று கண்டு, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூவர் விண்ணப்பித்தாலே அதிசயம் என்று அரசு மருத்துவ அதிகாரி ஐயுற்றிருக்க, 151 பேர் விண்ணப்பித்தனர். 1922-இல் முதல் அணியின் 14 பெண்களும் தேர்ச்சி பெற்றனர். பின்னர் நம் பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகம் உருவாயிற்று. பட்டப் படிப்பாக உயர்த்தாவிடில் பள்ளி நிலைக்காது என்ற நெருக்கடி வந்தபோது, எழுபது வயதை எட்டியிருந்த அம்மையார் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1960 மே மாதம் கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஈந்தார்.

அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் கண்ட தேவையை நம் திருச்சபையும் கண்டது. கன்னியர் மகப்பேறு மருத்துவம் செய்யலாகாது என்றிருந்த தடையை உரோமை 1936-இல் நீக்கியது. இன்று எத்தனையோ அருட்சகோதரியர் பிரசவ அறைகளில் தாய்மாரைக் காத்து நிற்கின்றனர்.

அன்பார்ந்த பங்கு மக்களே! இறையழைத்தல் பெருக வேண்டுமென்று நாம் திருப்பலியில் மன்றாடுகிறோம். அந்த அழைப்பு நம் வீட்டுக் கதவையே தட்டினால், அடுத்த வீட்டைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். குருவாக, கன்னியராகப் போக விரும்பும் பிள்ளையைத் தடுக்கிறோம். மருத்துவராக வேண்டும் என்கிற பிள்ளையிடம், யாருக்காக என்று கேட்க மறக்கிறோம். அழைப்பு எப்போதும் வானத்துக் குரலாக வருவதில்லை. அயலானின் அவசரமாக, அகாலத்தில், நமக்குத் தகுதியில்லாத வேளையிலும் வரும். தகுதியின்மையை உணர்ந்த ஐடா அதையே சாக்காகக் கொள்ளாமல், தகுதியைத் தேடிப் புறப்பட்டார்.

நம் கதவும் தட்டப்படும். அன்று நாம் எழுந்து திறக்க, ஆண்டவர் நமக்கு அருள்வாராக!