ஓட்டில்லாதவரின் கையொப்பம்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட 56 பேரில் கத்தோலிக்கர் ஒரே ஒருவர்தான். மேரிலாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் கரோல் என்பவரே அவர். 1737-ம் ஆண்டில் அவர் பிறந்தபோது, அந்த ஆங்கிலேயக் குடியேற்றத்தில் கத்தோலிக்கருக்கு ஓட்டுமில்லை, அரசாங்க உத்தியோகமுமில்லை. பூசை காண்பதும் வீட்டுக்குள்ளேதான். வேதக் கல்வி பெறச் சிறுவன் கப்பலேறி, பிரான்சு தேசத்துச் சேசுசபைப் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது.

ஊர் திரும்பியவர், கவர்னர் தாமாக விதித்த கட்டணங்களைக் கண்டித்து 1773-ல் புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதினார். எதிர்த்து எழுதிய வழக்கறிஞர் வாதத்தை விட்டுவிட்டு, ஓட்டில்லாத பாப்பு மதத்தானுக்கு ராஜாங்க காரியம் எதற்கென்று ஏசினார். வேறு நியாயம் அகப்படவில்லை போலும்! ஜனங்களோ கரோல் பக்கம் நின்றார்கள். 1776 ஆகஸ்டு 2-ல் அவர் கையொப்பமிட்டார். அவ்வருடமே மேரிலாந்து அரசியல் சட்டம் கிறிஸ்தவர் எல்லாருக்கும் வேத சுதந்திரம் அளித்தது. யூதர்களோ அங்கே உத்தியோக உரிமை பெற 1826 வரை காத்திருந்தார்கள்.

மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. கரோலின் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான கறுப்பின அடிமைகள் உழைத்தார்கள். கையொப்பமிட்டவர்களில் கடைசியானவராக, 1832-ல், தமது 95-ம் வயதில் பால்டிமோர் நகரில் அவர் மரித்தார். அந்த அடிமைகளில் பெரும்பாலோர் அன்றும் அடிமைகளாகவே இருந்தார்கள்.