ஜவுளிக்கடைக்காரர் கண்ட உயிர்

சேலையைக் கையில் வாங்கியதும் இழையை உற்றுப் பார்ப்பது காஞ்சிபுரம், முசரவாக்கம் பக்கத்தாருக்குப் பழக்கம். ஆலந்து நாட்டில் இப்படி இழை பார்த்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், உலகம் அறியாத ஒன்றைக் கண்டார். அவர் பெயர் லீவன்ஹூக்.

1632-ம் ஆண்டு டெல்ப்ட் நகரில் பிறந்தார். தந்தை கூடை முடைபவர். அவர் சீக்கிரமே இறந்துவிட்டார். பையன் 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு துணிக்கடையில் தொழில் பழகினான். பிறகு சொந்த ஊரில் கடை வைத்தான். கல்லூரிப் படிப்பு கிடையாது. டச்சு மொழி மட்டுமே தெரியும்.

நூலின் தரம் பார்க்க ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அது அவருக்குப் போதவில்லை. தாமே கண்ணாடி தேய்த்து வில்லை செய்தார். சில வில்லைகள் மிளகை விடச் சிறியவை. ஆனால் 200 மடங்குக்கு மேல் பெரிதாகக் காட்டின! மழைத்தண்ணீர், பல் அழுக்கு, எதையும் அவர் விடவில்லை.

மாணவர் கொண்டுவந்த புட்டி

1677-ல் ஹாம் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோயாளியின் விந்துவைக் கொண்டுவந்தார். அதில் வால் உள்ள சிற்றுயிர்கள் நெளிந்தன. நோயால் வந்த பூச்சிகள் என்று மாணவர் நினைத்தார்.

லீவன்ஹூக் அதை அப்படியே ஏற்கவில்லை. நோயில்லாத தம்முடைய விந்துவையே பார்த்தார். அதிலும் அவை ஓடின!

லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுத வேண்டும். கூச்சம் தடுத்தது. ஆனாலும் எழுதினார். கண்ணியக் குறைவாகத் தோன்றினால் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொசைட்டி அச்சிட்டது. 1680-ல் அவரை உறுப்பினராகவும் சேர்த்தது.

ஒன்றில் அவர் தவறிவிட்டார். விதை தந்தையுடையது, தாய் வெறும் நிலம் என்று நம்பினார். 1827-ல் பேயர் என்ற அறிஞர் பாலூட்டியின் கருமுட்டையைக் கண்டபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

பழி யார் மேல்?

விதை தந்தையுடையது என்றவர்கள்கூட, பிள்ளை இல்லையென்றால் பழியைப் பெண் தலையில்தான் போட்டார்கள். வேடிக்கைதான்! 'மலடி' என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது! குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் உண்டு என்கிறது இன்றைய மருத்துவம். ஆகவே சோதனை இருவருக்கும் தேவை.

உயிரணு நன்றாக நீந்தினாலும் குறை இருக்கலாம். அதன் மேல் சர்க்கரைச் சங்கிலி கோத்த புரதங்கள் போர்வைபோல் மூடியிருக்கின்றன. கருப்பை வாயில் உள்ள கோழையைக் கடக்க அந்தப் போர்வை உதவுகிறது. சில ஆண்களுக்குப் பிறவியிலேயே அது குறைவு என்று 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. லீவன்ஹூக்கின் வில்லைக்கு இது தெரிந்திருக்காது.

அவருடைய 5 குழந்தைகளில் மகள் மரியா ஒருத்தியே பிழைத்தாள். கடைசிவரை தந்தையுடன் இருந்தாள். 1723-ல், 90 வயதில் அவர் இறந்தார். அவர் விருப்பப்படி 26 வெள்ளி நுண்கண்ணாடிகளை மரியா லண்டனுக்கு அனுப்பி வைத்தாள்.