தொழில் வளர வழி செய்த டி.டி.கே.

சென்னைக்குப் போய்வரும் நம் அங்கத்தினர்கள் அனைவருக்கும் டி.டி.கே. சாலை தெரியும். சங்கீத சீசனில் மியூசிக் அகாடமிக்குச் செல்பவர்கள் அவர் பெயர் தாங்கிய அரங்கில்தான் கச்சேரி கேட்கிறார்கள். வெளி மாநிலங்களில் வளர்ந்த நம் குழந்தைகளுக்கோ அது குக்கர் கம்பெனியின் பெயர், அவ்வளவுதான். தொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் உத்தியோகத்தில் மும்பையில் முப்பது வருஷங்கள் கழித்தவன் நான். என் மேஜைக்கு வந்த ஃபைல்களில் பாதிக்கு மேல், அமரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவர்கள் காலத்தில் போட்ட பாதையில் வந்தவையே. ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1899 நவம்பர் 26 அன்று சென்னையில் பிறந்தவர். தகப்பனார் டி.டி. ரங்காச்சாரி ஹைகோர்ட் நீதிபதி. கிறிஸ்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் நம்மவர் வீடுகளில் படித்த பையன் என்றால் ஒன்று வக்கீல், இல்லாவிட்டால் சர்க்கார் உத்தியோகம். அவரோ வியாபாரத்தில் இறங்கி, 1928-ல் விநியோக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். லீவர் கம்பெனியின் சோப்பு முதலிய சரக்குகளைத் தென்னாட்டுக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது வேலை. சரக்கு தேங்கினால் என்ன ஆகும், பாக்கி வராவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதல்ல. பின்னாளில் மந்திரியானபோது இந்த அனுபவம் அவருக்குக் கை கொடுத்தது.

1937-ல் சென்னை சட்டசபைக்கு சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். அரசியல் நிர்ணய சபையிலும் அதன் வரைவுக் குழுவிலும் அங்கம் வகித்தார். வரைவு வேலையின் பெரும் பாரத்தை டாக்டர் அம்பேத்கர் ஒருவரே சுமந்தார் என்பதை சபையில் மனமாரச் சொன்னவர் இவர்தான். 1952-ல் நேருவின் மந்திரிசபையில் வர்த்தக, தொழில் மந்திரியானார்.

அன்றைய நிலை என்ன? கைத்தொழில் தெரிந்தவன் இருந்தான், மெஷின் வாங்கப் பணம் இல்லை. பாங்குகள் சரக்கின் பேரில் சில மாதக் கடன் கொடுக்கும். பத்து வருஷக் கடன் கொடுக்காது. வெளிநாட்டுக்கு அனுப்பினால் பணம் வந்து சேருமா என்ற பயம் வேறு. டி.டி.கே. இவற்றுக்கு ஒவ்வொன்றாக வழி தேடினார். 1955 ஜனவரியில் உலக வங்கியின் உதவியுடன் ஐ.சி.ஐ.சி.ஐ. பிறந்தது. மத்திய சர்க்கார் வட்டியில்லாமல் ஏழரைக் கோடி ரூபாய் கொடுத்தது. அதே வருஷம் தேசிய சிறுதொழில் கழகம் வந்தது. கழகமே மெஷினை வாங்கிக் கொடுக்கும். தொழில் செய்பவர் முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் அடைப்பார். கடைசித் தவணை முடிந்ததும் மெஷின் அவருக்குச் சொந்தம். வீடு, நிலம் இல்லாதவனுக்கு மெஷினே ஜாமீனாக நின்றது. ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில்கள் 1954 முதல் தோன்றின. 1956-ல் அரசு வர்த்தகக் கழகம் வந்தது. 1957-ல், அவர் நிதி மந்திரியாக இருந்தபோது, ஏற்றுமதி நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் தரும் நிறுவனம் ஏற்பட்டது. இன்றைய இ.சி.ஜி.சி. அதுதான். வெளிநாட்டில் வாங்கியவர் திவாலானாலும் நம் ஏற்றுமதியாளர் முழுவதும் மூழ்கிவிடாதபடி அது காக்கிறது.

உதவி வாங்குபவரிடம் கறாராகவும் இருந்தார். பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்கும் மோட்டார் கம்பெனிகளுக்கு இடமில்லை, இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருந்தால்தான் பாதுகாப்பு என்று 1953-ல் டாரிஃப் கமிஷனின் சிபாரிசின்பேரில் முடிவாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது கடையைக் கட்டின.

இப்படிப்பட்டவர் சறுக்கியதும் இதே விஷயத்தில்தான். 1957-ல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் கமிட்டியை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. ஃபெரோஸ் காந்தி பார்லிமெண்டில் கேள்வி எழுப்பினார். நீதிபதி சாக்ளா பம்பாயில் பகிரங்கமாக விசாரித்தார். தன் காரியதரிசியின் செயலுக்கு மந்திரியே பொறுப்பு என்று தீர்ந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அவர் சொந்த லாபம் அடைந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான விதியை ஒருவருக்காக ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, கடன் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்த எங்களுக்கு அது நிரந்தரப் பாடம்.

நேரு அவரை மீண்டும் அழைத்தார். 1963-ல் மறுபடியும் நிதி மந்திரி. 1964-ல் யூனிட் டிரஸ்ட் ஆரம்பமாயிற்று. நம்மில் ரிடையரான பலரின் சேமிப்பு அதில்தான் இருந்தது, 2001-ல் யு.எஸ். 64 தடுமாறியபோது பட்ட கவலையும் நினைவிருக்கும். அதே 1964-ல் ஐ.டி.பி.ஐ. வந்தது. 1965 கடைசியில், குமாரர்களின் நிறுவனங்களைப் பற்றிய புகார்களை ஒட்டி மீண்டும் பதவி விலகினார். 1974 மார்ச் 7 அன்று காலமானார்.

அவர் காலத்து ஏற்பாட்டில் குறையும் உண்டு. ஆதரவு கொடுத்த அதே சர்க்கார் லைசென்ஸும் கொடுத்ததால், தொழில் நடத்துபவர்கள் டெல்லியில் காத்துக் கிடக்க நேர்ந்தது. 1991-ல்தான் அந்தக் கட்டு பெரும்பாலும் அவிழ்ந்தது. லைசென்ஸ் போயிற்று, சிறுதொழில் கழகமும் இ.சி.ஜி.சி.யும் நிற்கின்றன. எது தேவை, எது தேவையில்லை என்பதைக் காலமே பிரித்துக் காட்டிவிட்டது.

நம் பிள்ளைகளில் யாராவது, எந்த ஊரிலாவது, சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்பட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள். சலுகைகளை விதிப்படி கேட்டுப் பெறச் சொல்லுங்கள். சிபாரிசுக்கு அலையாமல் இருக்கச் சொல்லுங்கள். டி.டி.கே. அவர்களின் வாழ்க்கை இரண்டையும் சேர்த்தே கற்றுத் தருகிறது.