சாக்ரடீசு: ஒரு பெயர் பட்ட பாடு

வாழும் மனிதர் ஒருவரின் பெயரைக் கற்பனைப் படைப்பொன்றில் அப்படியே எடுத்தாளலாமா என்பது படைப்பாளர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வினா. இவ்வினாவின் கனத்தைத் தம் வாழ்வாலும் சாவாலும் உணர்த்திச் சென்றவர் கிரேக்க அறிஞர் சாக்ரடீசு. அவர்தம் வரலாற்றை அவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதாத அறிஞர்

சாக்ரடீசு ஏறத்தாழக் கி.மு. 469இல் ஏதென்சு நகரத்தவராகப் பிறந்தார். தந்தை கல்தச்சர் என்பர், தாய் மருத்துவச்சி. தாய் மகவுகளை ஈன்றெடுக்கத் துணைநின்றது போலவே, மகன் பிறர் உள்ளத்துக் கருத்துகள் பிறக்கத் துணைநின்றார். பொத்திதேயா, தீலியம், ஆம்பிபோலிசு ஆகிய களங்களில் ஏதென்சின் காலாட்படை வீரராகப் பொருதார். ஏனைய நாள்களில் வெறுங்காலுடன் கடைத்தெருவில் நின்று, எதிர்ப்பட்டோரிடம் வினாத் தொடுப்பதே அவர்தம் தொழிலாயிற்று. அதற்கு அவர் ஊதியம் பெற்றதில்லை என அவருடைய மாணவர் உரைப்பர். நூல் ஒன்றும் அவர் எழுதவில்லை. ஆகவே அவரைப் பற்றி நாம் அறிவன யாவும் பிறர் எழுதியவையே. இவ்வுண்மையை நாம் மறத்தல் கூடாது.

மேடையேறிய பெயர்

கி.மு. 423இல் தயோனிசசு பெருவிழாவில் அரிசுடோபனீசின் 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. மகனின் குதிரைப் பித்தால் கடனாளியான முதியவர் ஒருவர், கடன் கொடுத்தவர்களை வாதத்தால் ஏய்க்கும் வித்தையைக் கற்கச் 'சிந்தனைக்கூடம்' ஒன்றை நாடுகிறார். அங்கே கூடையொன்றில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கியவாறு கதிரவனை ஆராயும் ஆசிரியருக்கு நாடக ஆசிரியர் இட்ட பெயர் சாக்ரடீசு. அவர் சீயசு கடவுளை மறுக்கிறார். அறமல்லாத வாதம் அறவாதத்தை வெல்லும் வழி அவருடைய கூடத்தில் கற்பிக்கப்படுகிறது. அங்குக் கற்ற மகன் தந்தையையே அடிக்க, சினந்த தந்தை கூடத்துக்குத் தீயிடுகிறார்.

இந்நாடகம் போட்டியில் மூன்றாம் இடமே பெற்றது. அரங்கிலிருந்த அயலூரார் சாக்ரடீசு யாரென வினவ, அவர் எழுந்து நின்று தம்மைக் காட்டிக்கொண்டார் எனப் பிற்காலச் செய்தி ஒன்று உண்டு. தோல்வியுற்ற நாடகம் அத்துடன் மறைந்திருக்க வேண்டும். ஆயின் அது மக்கள் மனத்தில் தங்கிவிட்டது.

வழக்கும் முடிவும்

கி.மு. 404இல் ஏதென்சு பெரும்போரில் தோற்றது. முப்பதின்மர் கொடுங்கோலாட்சி நிகழ்ந்தது. அவர்களுள் முதன்மையான கிரித்தியாசு முன்பு சாக்ரடீசுடன் பழகியவர். அம்முப்பதின்மர் ஒருவரைக் கொல்வதற்குப் பிடித்துவரப் பணித்தபோது சாக்ரடீசு உடன்படாது வீடு திரும்பினார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. எனினும் நகரின் கசப்பு அவர்மேல் படர்ந்தது.

கி.மு. 399இல் மெலித்தசு, அனித்தசு, இலைக்கான் ஆகிய மூவர் வழக்குத் தொடுத்தனர். நகரம் போற்றும் கடவுளரை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்தினார், இளைஞரைக் கெடுத்தார் என்பன குற்றச்சாட்டுகள். பிளேட்டோ தரும் வரலாற்றின்படி, சாக்ரடீசு அம்மூவருக்கும் பின்னரே விடை கூறினார். முதலில், நடுவர்கள் சிறுவராயிருந்த காலம்தொட்டுக் கேட்டுவந்த பழிக்கே விடையிறுத்தார். கூடையில் தொங்கிய அந்த நாடக உருவத்தைச் சுட்டி, அது தாமல்லர் என மறுத்தார். பெயருள்ள எதிரியை மன்றில் நிறுத்தலாம். இருபத்து நான்கு ஆண்டுக்காலச் சிரிப்பை எவ்வாறு நிறுத்துவது? முப்பது வாக்குகள் மாறியிருப்பின் அவர் விடுதலை பெற்றிருப்பார். தப்பிச் செல்ல நண்பர் கிரித்தோ வழிசெய்தும் மறுத்து, எழுபதாம் அகவையில் நஞ்சுண்டு மாய்ந்தார்.

நாடகமே அவரைக் கொன்றது எனல் மிகையாகும்; போரும் அரசியலும் பெருங்காரணங்கள். ஆனால் அவ்வெறுப்பு பற்றிக்கொள்ள ஓர் உருவத்தை நாடகம் முன்னரே செய்து வைத்திருந்தது.

மற்றொரு புனைவு

இறந்தவரின் பெயரை மாணவர் பிளேட்டோ ஏந்தினார். அவர்தம் உரையாடல்கள் பலவும் நேரில் கேட்டெழுதிய குறிப்புகள் அல்ல. கற்பனை கலந்த படைப்புகளே. 'விருந்து' என்னும் நூலில் அரிசுடோபனீசையே பெயர் சுட்டி அழைத்துவந்து, சாக்ரடீசுடன் ஒரே விருந்தில் அமர்த்தி விடியும்வரை உரையாட வைக்கிறார். பழிதீர்க்கும் சொல் அதில் இல்லை. 1956இல் 'ராஜா ராணி' திரைப்படத்தில் கலைஞர் எழுத, நடிகர் திலகம் நடித்த சாக்ரடீசும் பிளேட்டோ வழிவந்தவரே.

அகத்திணை மாந்தரை இயற்பெயரால் சுட்டலாகாது என வரையறுத்தது தொல்காப்பியம். புனைவில் வரும் காதலை இன்னாருடையது எனப் பிறர் தூற்றாதிருக்க அவ்வரையறை காப்பாகிறது. புறத்திணைக்கு அத்தடை இல்லை. ஆங்குப் பெயருக்குரியவர் செய்த செயலே பாடப்படுகிறது. செய்யாததைச் செய்ததாகப் புனைந்து அதற்கு வாழ்வோர் பெயரை இடும் எழுத்தாளர், அப்பெயருக்குரியவர் அரங்கை விட்டு வெளியேறிய பின்னும் அதே ஊரில் வாழ வேண்டியவர் என்பதை எண்ணிப் பார்த்தல் கடனாகும்.