எதிரியின் வேடம் பூண்ட சேலத்து முதலாளி

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. செட்டிபாளையம் போன்ற எழுவான்கரைக் கிராமங்களுக்கு இரண்டாம் உலகப்போர் அவ்வளவு அருகில் வந்துபோனது. அதே ஆண்டு நவம்பரில் 'கசபிளாங்கா' நியூயோர்க்கில் திரையிடப்பட்டது. நாஜிகளுக்கு எதிரான அந்தக் காதல் படத்தை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. தமிழிலும் அப்படியொரு போர்க்காலப் படம் உண்டு. 1945இல் வெளிவந்த 'பர்மா ராணி'யே அது. எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம்.

1907இல் கொங்கு நாட்டில் பிறந்த சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். ஊர் திரும்பியவரை இழுத்தது நெசவு அல்ல, சினிமா. ஏற்காடு மலையடிவாரத்தில் அவர் அமைத்த ஸ்டூடியோவிலிருந்தே மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வந்தது.

போர்க்காலத்தில் பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளத்தை 11,000 அடியாகக் குறைத்த பிரித்தானிய அரசு, போருக்கு ஆதரவான படங்களை எடுக்கும்படியும் தயாரிப்பாளர்களை நெருக்கியது. அந்தச் சூழலில் உருவானது 'பர்மா ராணி'. ஜப்பானியர் பிடித்த பர்மாவில் சிக்கும் இந்திய விமானப்படையினரின் கதை. ஹொன்னப்ப பாகவதரும் கே.எல்.வி.வசந்தாவும் நடித்தார்கள். ஜப்பானிய அதிகாரி வேடத்தை முதலாளி சுந்தரமே ஏற்றார்.

'கசபிளாங்கா'வில் நாஜி அதிகாரியாக நடித்த கொன்ராட் வெய்ட், யூத மனைவியுடன் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். எதிரி யார் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. சுந்தரத்தின் ரசிகர்களுக்கோ அது அவ்வளவு எளிதல்ல. சயாம் மரண ரயில்பாதையில் மலாயாத் தமிழர்களைச் சாகடித்தது ஜப்பானிய இராணுவம். அதே மலாயாவில் பல தமிழர்கள் ஜப்பானின் துணையுடன் இயங்கிய நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் அதன் அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியபோது மக்கள் அவர்கள் பக்கமே நின்றார்கள். ஆட்சியாளர் சுட்டிக்காட்டிய எதிரியை மக்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

சுந்தரம் அத்தோடு நின்றுவிடவில்லை. 1950இல் 'மந்திரி குமாரி' வந்தது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் மூலம் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்தார். 1963இல் மறைந்தார். ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு சேலத்தில் இன்றும் நிற்கிறது. அலிபாபாவுக்காக அவரை நினைவுகூருகிறோம். நம் கடல்வரை வந்த போரைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவர் என்பதை ஏனோ மறந்துவிட்டோம்.